சாய்ந்த சுவர்

ஃபிக்ஹு நூல்களில் 'சாய்ந்த சுவர்' பற்றிய சிறு பகுதி ஒன்று உண்டு. ஒருவர் தம் நிலத்தில் நேராக ஒரு சுவர் எழுப்புகிறார். ஆண்டுகள் பல செல்கின்றன. மழையாலோ மூப்பாலோ அச்சுவர் தெருப்பக்கம் சாய்கிறது. அவர் அதனை இடித்துவிடவும் இல்லை. முட்டுக்கொடுத்து நிறுத்தவும் இல்லை. ஒருநாள் அது விழுகிறது. அவ்வழியே சென்ற ஒருவர் இறந்துபடுகிறார். அந்த உயிருக்குச் சுவரின் உடைமையாளர் பொறுப்பாவாரா, மாட்டாரா என்பதே அங்கு ஆராயப்படும் வினா.

பல ஆண்டுகளுக்கு முன் நாம் இப்பகுதியை ஓதிக்கொடுத்துக் கொண்டிருந்தபோது மாணவர் ஒருவர் எழுந்தார். "ஹஜ்ரத், அந்த மனிதர் எதையும் செய்யவில்லையே! செய்த குற்றத்துக்குத் தண்டனை உண்டு என்பது விளங்குகிறது. செய்யாத ஒன்றுக்கு ஒருவர் எப்படிக் குற்றவாளியாவார்?" என்று கேட்டார். "முதலில் கிதாபை ஓதி முடியுங்கள், தம்பி. மற்றவற்றைப் பிறகு பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு நாம் அடுத்த வரிக்குச் சென்றுவிட்டோம். பாடத்தை முடிக்க வேண்டுமென்ற அவசரம் அதற்கு ஒரு காரணம்; விடை நம்மிடம் இல்லை என்பது மற்றொரு காரணம். அம்மாணவர் ஓதி முடித்துப் பட்டம் பெற்றுச் சென்றுவிட்டார். அவர் கேட்ட கேள்வி மட்டும் நம்மோடு தங்கிவிட்டது.

அதனை மீண்டும் நம் முன் கொணர்ந்து நிறுத்தியது யமன் நாட்டு மலை ஒன்று. ஹராஸ் மலைகளைப் பற்றிப் படிக்க நேர்ந்தபோது, ஒரு சாண் மண்ணைக் காப்பதற்காக அங்கு மனிதர் எழுப்பிய எண்ணற்ற சுவர்களைப் பற்றியும், அச்சுவர்கள் சரியத் தொடங்கிய வரலாற்றைப் பற்றியும் அறிந்தோம். கிதாபில் ஒரு சுவராக இருந்த வினா, அங்கே ஒரு மலை முழுவதுமாக விரிந்து கிடக்கக் கண்டோம். அதனை வாசகர்களோடு சேர்ந்து சிந்திக்கவே இதனை எழுதுகிறோம்.

கல்லின் மேல் ஒரு சாண்

யமனின் தலைநகர் ஸன்ஆவுக்கும் செங்கடலோரச் சமவெளியாகிய திஹாமாவுக்கும் இடையே, மனாகா என்னும் ஊரைச் சூழ்ந்து நிற்பவை ஹராஸ் மலைகள். அவற்றை உள்ளிட்ட அம்மேற்கு மலைத்தொடரில்தான், அரபுத் தீபகற்பத்திலேயே மிக உயர்ந்த சிகரமாகிய ஜபல் அந்நபீ ஷுஐப் 3,666 மீட்டர் உயரத்தில் தலைநிமிர்ந்து நிற்கிறது. ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி பிளந்து வெளிப்போந்த எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவி உறைந்ததால் உருவான நிலப்பகுதி இது. கரிய பசால்ட்டுப் பாறையும், எரிமலைச் சாம்பல் இறுகிய பாறையும் மாறி மாறி அமைந்துள்ளன.

எரிமலை மண் என்றாலே கொழுத்த, ஆழமான மண் என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஜாவாத் தீவின் பசுமையைப் பற்றிக் கேள்வியுற்றவர்கள் அவ்வாறு எண்ணுவதில் வியப்பில்லை. எரிமலைப் பாறை சிதையும்போது பயிர்க்கு வேண்டிய உப்புகள் மண்ணில் கலக்கின்றன என்பது உண்மையே. ஆயினும் மண் பிறப்பது வேறு. மண் தங்குவது வேறு. செங்குத்தான சரிவில் பாறை சிதைந்து மண்ணாவதற்கு நூற்றாண்டுகள் ஆகின்றன. அவ்வாறு ஆன மண்ணைக் கழுவிச் செல்ல ஒரு மாலைப்பொழுதின் மழை போதும். ஹராஸ் மலைகளின் மண் வளமற்றதன்று, நிற்க இடமற்றது.

இத்தகைய மண்ணை மண்ணியலார் முன்பு 'லித்தோசால்' என்றனர். கல்மண் என்பது பொருள். இப்போது 'லெப்டோசால்' என்கின்றனர். மெல்லிய மண் என்பது பொருள். மேற்பரப்பிலிருந்து 25 சென்டிமீட்டருக்குள் கெட்டிப்பாறை எதிர்ப்பட்டால் அது இவ்வகையைச் சேரும். ஏறத்தாழ ஒரு சாண் ஆழம்! அதற்குக் கீழே வேர் இறங்காது, நீர் தேங்காது. உலகில் மிகப் பரந்து கிடக்கும் மண்வகை இதுவே என்றும், அதன் பரப்பு ஏறத்தாழ 165 கோடி ஹெக்டேர் என்றும் கணக்கிட்டுள்ளனர். மனிதன் காலூன்றி நிற்கும் நிலத்தில் எவ்வளவு பங்கு கல்லின் மேல் போர்த்திய மெல்லிய துணியாக இருக்கிறது என்பதை எண்ணினால் திகைப்பு உண்டாகிறது.

திருமறையின் இரண்டாம் அத்தியாயத்தில், பிறர் காண வேண்டுமென்று தருமம் செய்வோனுக்கு ஓர் உவமை சொல்லப்படுகிறது. வழுக்குப் பாறை, அதன் மேல் சிறிது மண், பெருமழை பொழிந்து பாறையை வெறுமையாக்கி விடுகிறது. அதனை அடுத்தே, இறைவனின் பொருத்தம் நாடிச் செலவிடுவோர்க்கு, மேட்டு நிலத்துத் தோட்டம் உவமையாகிறது. அங்கே பெருமழை பெய்தால் இரு மடங்கு விளைகிறது. பெருமழை இல்லையேல் தூறலே போதுமாகிறது. உவமையின் கருத்து ஈகையைப் பற்றியதே. அதனை நாம் வேறுபுறம் திருப்ப விரும்பவில்லை. ஆயினும் அவ்விரு காட்சிகளும் ஒரே மலையில் அருகருகே நிற்பதை ஹராஸில் காணலாம் என்பதை மட்டும் இங்குச் சுட்டுகிறோம். பொழிவது ஒரே மழை. ஓரிடத்தில் அது மண்ணை அள்ளிச் செல்கிறது; மற்றோரிடத்தில் கதிரை வளர்க்கிறது. இடையில் இருப்பது ஒரு கற்சுவர்.

தடைக்கல்லே அரணாயிற்று

அம்மலையில் முதன்முதல் பயிரிட வந்தவர்களுக்குக் கல்லே பகையாக இருந்திருக்கும். எங்கு கொத்தினாலும் கல். அவர்கள் அக்கல்லைப் பொறுக்கி எடுத்து, சரிவின் குறுக்கே, சாந்து ஏதுமின்றி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினர். சுவரின் பின்புறம் உடைகற்களை நிரப்பி, அதன் மேல் மண்ணைச் சேர்த்தனர். மேலிருந்து வரும் மழைநீர் கொணர்ந்த வண்டலும் அங்கே படிந்தது. இவ்வாறு சரிவு படியாயிற்று, படி வயலாயிற்று. உழுதற்குத் தடையாயிருந்த கல், மண்ணைக் காக்கும் அரணாயிற்று.

சில இடங்களில் வயலின் அகலத்தைவிடச் சுவரின் உயரம் மிகுதி. ஈராள் உயரச் சுவர் எழுப்பி, அதன் மேல் ஒரு வரிசைக் காப்பிச் செடி நடும் அளவுக்கே இடம் பெற்றவர்களும் உண்டு. சோளம், வாற்கோதுமை, பருப்பு வகைகள் ஆகியவற்றோடு, அல்முகா துறைமுகத்தின் பெயரால் 'மோக்கா' என உலகம் போற்றிய காப்பியும் இத்தகைய படிவயல்களிலேயே விளைந்தது. தமார் மேட்டுநிலத்தில் ஆராய்ந்த தொல்லியலார், யமனில் இவ்வகை அடுக்குகள் ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுப் பழைமை உடையவை என்பதற்குச் சான்றுகள் கண்டுள்ளனர்.

நீரை ஆளும் முறையும் வியப்புக்குரியது. மேலேயுள்ள வெற்றுப்பாறைச் சரிவு மழையைத் திரட்டித் தருகிறது. முதற்படி நிரம்பியபின் மிகுநீர் அடுத்த படிக்கு வடிகிறது. ஹராஸில் சுவர்களினூடே நிலத்தடிக் கால்வாய்களும் அமைத்து மிகைநீரை வெளியேற்றினர். நீர் தேங்கவும் வேண்டும். தேங்கிய நீரின் பளுவால் சுவர் பிதுங்காமலும் இருக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் நடுவே நின்று கணக்குப் பார்த்த அந்த உழவர்களில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள்.

ஆயினும் இங்கு நாம் நினைவிற் கொள்ள வேண்டிய ஒன்றுண்டு. அச்சுவர்கள் ஒருமுறை கட்டி முடிக்கப்பட்டவை அல்ல. ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பின்னும் எங்கேனும் ஒரு கல் நழுவும். ஒரு மூலை பிதுங்கும். உழவன் அன்றே அதனைக் கண்டு, அன்றே திருப்பி அடுக்கினான். ஐயாயிரம் ஆண்டுகள் நின்றது சுவரன்று. திருப்பி அடுக்கிய கைகளே நின்றன என்று சொல்வது பொருந்தும்.

அதே யமனில்தான் மஃரிபு அணையும் இருந்தது. ஸபஉ மக்களின் இரு தோட்டங்களைப் பற்றியும், அவர்கள் மீது அனுப்பப்பட்ட பெருவெள்ளத்தைப் பற்றியும் திருமறையில் ஓதுகிறோம். அணையை எலி கறண்டியது என்ற செய்தி விரிவுரைகளில் வருகிறது. இனிய கனித் தோட்டங்கள் போய்க் கசப்புக் கனிகளும், சவுக்கை ஒத்த மரங்களும், சில இலந்தைகளுமே எஞ்சின. யானைப்படையோடு பெயர் இணைந்த அப்ரஹா அவ்வணையைப் பழுது பார்த்ததைக் கி.பி. 548ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகிறது. அவனுக்கு முன்னும் பலர் பழுது பார்த்துள்ளனர். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நின்ற அணையின் வரலாறு, பெரும்பாலும் பழுது பார்த்த வரலாறே.

மேலவனும் கீழவனும்

படிவயலில் ஒருவருடைய சுவர் அவருடையது மட்டுமன்று. மேற்படியின் சுவர் உடைந்தால், அதுவரை பரந்து மெல்ல வடிந்த நீர் ஒரே வாயில் திரண்டு பாய்கிறது. கல்லும் மண்ணும் அதனோடு சேர்ந்து கீழ்ப்படியைத் தாக்குகின்றன. கீழ்ப்படியின் சுவர் தன் நீரைத் தாங்கக் கட்டப்பட்டது. அண்டை வயலின் மண்ணையும் தாங்கக் கட்டப்பட்டதன்று. அதுவும் உடைகிறது. அதற்கடுத்தது, அதற்கும் அடுத்தது. மலையுச்சியில் ஒருவர் எடுத்து வைக்காத ஒரு கல், அடிவாரத்தில் முகமறியாத ஒருவரின் கஞ்சிக் கலயத்தைக் கவிழ்த்துவிடுகிறது.

மேலவருக்கும் கீழவருக்கும் இடையிலுள்ள இவ்வுறவு நம் மார்க்கச் சட்டத்துக்குப் புதியதன்று. மதீனாவைச் சூழ்ந்த ஹர்ரா என்னும் கருங்கல் வெளியும் பண்டை எரிமலைக் குழம்பு உறைந்த நிலமே. அவ்வெளியிலிருந்து இறங்கும் ஓடைநீர் பற்றி ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் அன்ஸாரிகளுள் ஒருவருக்கும் வழக்கு எழுந்தது. மேலுள்ள ஸுபைர் (ரலி) முதலில் தம் மரங்களுக்குப் பாய்ச்சிக்கொண்டு, பின்னர் நீரை அண்டையாருக்கு விட்டுவிட வேண்டும் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். அன்ஸாரி அதனை ஏற்காது முறையிடவே, நீர் வரப்புச்சுவரின் அடியை எட்டும் வரை நிறுத்திக்கொள்ளலாம் என்று அளவும் வகுத்தார்கள். இச்செய்தி ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. முதலுரிமை மேலவருக்கு உண்டு. ஆனால் அவ்வுரிமைக்கு ஓர் எல்லை உண்டு. எல்லைக்கப்பால் கீழவரின் உரிமை தொடங்கிவிடுகிறது.

நீரை மேலவர் அடைத்து வைத்தால் அது செயல், கீழவர் வழக்காடலாம். மேலவர் சுவரைக் கவனியாது விட்டால் அது செயலன்று, செயலின்மை. கீழவர் எதைச் சொல்லி வழக்காடுவார்? நம் மாணவரின் கேள்வி இங்கே மீண்டும் தலைகாட்டுகிறது.

ஆடவர் சென்ற பின்

1973ஆம் ஆண்டுக்குப் பின் எண்ணெய் விலை உயர்ந்தது. சவூதி அரேபியாவிலும் வளைகுடா நாடுகளிலும் கட்டுமான வேலைகள் பெருகின. யமன் மலையூர்களிலிருந்து இலட்சக்கணக்கான ஆடவர் அங்குச் சென்றனர். மலையில் ஓராண்டு முழுதும் உழைத்துப் பெறுவதை அங்கே சில வாரங்களில் பெற முடிந்தபோது, எவர்தாம் செல்லாதிருப்பார்? அதே காலத்தில் வெளிநாட்டுக் கோதுமை மாவு மலிவாக வந்து இறங்கியது. ஒரு மூட்டைச் சோளத்துக்காக ஒரு சுவரைக் காப்பது கணக்குக்கு ஒவ்வாததாயிற்று.

வயலைப் பெண்களும் முதியோரும் சிறுவரும் பார்த்துக்கொண்டனர். விதைப்பையும் களையெடுப்பையும் அறுப்பையும் அப்பெண்கள் தளராது செய்தனர். ஆனால் சரிந்த சுவரைத் திரும்ப எழுப்புவது ஆடவரின் கைத்தொழிலாக இருந்து வந்தது. அது தெரிந்தவர்கள் ரியாதிலும் ஜித்தாவிலும் பிறருடைய சுவர்களை எழுப்பிக்கொண்டிருந்தனர்! ஊரில் எஞ்சிய கொத்தர்களின் கூலியோ எட்டாத உயரத்துக்குப் போயிற்று. ஹராஸை நேரில் ஆராய்ந்த ஹோர்ஸ்ட் வோகல் என்பார், உழைப்பாளர் வெளியேறியதால் அம்மலை வேளாண்மை சீர்குலைந்ததை விரிவாக எழுதினார்.

1990ஆம் ஆண்டு வளைகுடா நெருக்கடியின்போது ஏறத்தாழ 8 இலட்சம் யமனியர் சவூதி அரேபியாவை விட்டுத் தாயகம் திரும்ப நேர்ந்தது. திரும்பி வந்தவர்களுள் பலர் மலையேறவில்லை. ஹுதைதா போன்ற நகரங்களின் புறத்தே குடிசையிட்டுத் தங்கினர். அவர்களுள் மலையேறிய பலரை உடைந்த படிகளே வரவேற்றன. மண் போனபின் சுவரை எழுப்பலாம். சுவருக்குப் பின்னால் எதை இடுவது? 1997இல் தொடங்கப்பட்ட யமனின் சமூக மேம்பாட்டு நிதியம், கூலி கொடுத்துப் பழைய அடுக்குகளைச் செப்பனிடும் பணியையும் மேற்கொண்டது. அது நற்பணியே. எனினும் பாறை தெரிந்துவிட்ட இடத்தில் ஒரு சாண் மண்ணைப் படைப்பது எந்த நிதியத்தாலும் ஆகாத செயல்.

சிலர் கூறக்கூடும்: "மலை மலையாகவே இருக்கட்டுமே! மனிதன் விலகினால் இயற்கை தன்னைத் தானே மூடிக்கொள்ளாதா?" மழை சீராகவும் மென்மையாகவும் பெய்யும் நாட்டில் இது நடக்கலாம். ஹராஸில் மழை திடீரென்று கொட்டுகிறது, முளைத்த புதரை ஆடு மேய்கிறது, எஞ்சியது விறகாகிறது. வேர் ஓடி மண்ணைப் பற்றுமுன் வெள்ளம் முந்திக்கொள்கிறது. மனிதன் கைவைத்து மாற்றிய மலை, அவன் கையை எடுத்ததும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. அதனினும் தாழ்ந்த நிலைக்கு வீழ்கிறது.

இரண்டு தீர்ப்புகள்

இனி, சென்றவர் குற்றவாளியா? மனைவி மக்களுக்கு உணவளிப்பது ஆடவன் மீது கடமை. பசித்த குழந்தையை வைத்துக்கொண்டு பாட்டனின் சுவரைக் கட்டிக்கொண்டு அழு என்று எவரும் சொல்ல இயலாது. அதே ஆண்டுகளில் அதே வளைகுடாவுக்குத் தம் ஆடவரை அனுப்பிவைத்த நம் குடும்பங்கள், அப்பிரிவின் கனத்தை நன்கறியும். சென்றவரைப் பழிப்பது எமக்கு நோக்கமன்று. அது எளிதுமாகும், அநீதியுமாகும்.

நம் இமாம்கள் சொன்னதைப் பார்ப்போம். ஹிஜ்ரி 676இல் (கி.பி. 1277) மறைந்த இமாம் நவவி (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' தரும் ஷாஃபிஈ மத்ஹபின் தீர்ப்பு இது: நேராக எழுப்பிய சுவர் பின்னர் சாய்ந்து விழுந்தால் உடைமையாளர் மீது ஈட்டுப்பொறுப்பு இல்லை. சரிசெய்ய இயன்றும் செய்யாதிருந்தால் பொறுப்புண்டு என்ற கருத்தும் அங்கேயே, வலுக்குறைந்த கூற்றாகக் குறிக்கப்படுகிறது. சாய்வு அவர் செயலால் நேர்ந்ததன்று என்பதே தீர்ப்பின் அடிப்படை. நம் மாணவர் கேட்டதும் இதுதான்.

ஹிஜ்ரி 593இல் (கி.பி. 1197) மறைந்த இமாம் மர்கீனானீ (ரஹ்) அவர்களின் 'ஹிதாயா' தரும் ஹனஃபி மத்ஹபின் தீர்ப்பு வேறு. வெறும் ஒப்புநோக்கின்படி பொறுப்பில்லை என்றே கொள்ள வேண்டும் என்பதை அவர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆயினும், சுவரை இடிக்குமாறு உடைமையாளரிடம் கேட்கப்பட்டு, அதற்குச் சாட்சி வைக்கப்பட்டு, இடிக்கப் போதிய அவகாசமும் இருந்து, அவர் இடிக்காது விட்டால், விழும் சுவரால் நேரும் உயிர்ச்சேதத்துக்கும் பொருட்சேதத்துக்கும் பொறுப்பு உண்டு என்கிறார்கள். அதற்கு அவர்கள் காட்டும் ஒப்புமை அழகியது. பிறருடைய துணி ஒன்று ஒருவர் மடியில் வந்து விழுகிறது. விழுந்தது அவர் குற்றமன்று. உரியவர் வந்து கேட்டபின்பும் கொடாமல் மறுப்பது குற்றம்.

இங்கே மூன்று நிபந்தனைகள் உள்ளன: அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும், இயன்றிருக்க வேண்டும், காலம் இருந்திருக்க வேண்டும். அடகு பெற்றவர், குடிக்கூலிக்கு இருப்பவர் போன்ற, சுவரை இடிக்க அதிகாரமில்லாதவரிடம் கேட்பது செல்லாது என்றும் சட்டம் பிரித்துக் காட்டுகிறது. எனவே செய்யாமை எல்லாம் குற்றமன்று. அறிந்து, இயன்று, நேரமும் இருந்து, செய்யாது நிற்கும்போது அது மறுப்பாகிவிடுகிறது. மறுப்பு ஒரு செயலே.

இதனை நாம் கிதாபிலிருந்து மட்டும் கூறவில்லை. நம் வீட்டுக் கொல்லைச் சுவர் சாய்ந்திருந்தது. அதற்கு அப்பால் கணவனை இழந்த ஒரு பெண்மணி சாய்ப்பு இறக்கி அடுப்பு மூட்டி வந்தார். சுவர் தம் பக்கம் பிதுங்குவதாக அவர் நம் வீட்டாரிடம் ஒருமுறை சொன்னார். நம்மிடமே ஒருமுறை சொன்னார். ஹஜ்ஜுப் பெருநாள் கழியட்டும் என்றோம். கையில் பணம் இல்லாமலும் இல்லை. ஐப்பசி மழையில் ஓரிரவு அது விழுந்தது. மழைச்சாரலுக்கு அஞ்சிக் குழந்தையை முன்னறைக்குக் கொண்டு போயிருந்தார். சட்டி பானைகளோடு போயிற்று. மறுநாள் காலையில் சென்று ஈடு கொடுத்தோம். அவர் வாங்கிக்கொண்டு, "நான் இரண்டு முறை சொன்னேனே, ஹஜ்ரத்" என்றார். அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான தீர்ப்புப்படி, அந்த ஈட்டைக் கொடுக்க நமக்குக் கட்டாயம் இல்லை. அன்று வீடு திரும்பும்போது அத்தீர்ப்பு நமக்கு எள்ளளவும் ஆறுதல் தரவில்லை. காஜியின் முன் நாம் விடுபட்டிருக்கலாம். அக்குழந்தை வழக்கம்போல் அடுப்பருகே உறங்கியிருந்தால், அல்லாஹ்வின் முன் எந்தக் கிதாபை விரித்துக் காட்டியிருப்போம்? ஒன்று, மனிதரின் பையிலிருந்து என்ன எடுக்கலாம் என்பதற்கான தீர்ப்பு. மற்றொன்று, மனிதர் தம்மை எவ்வாறு காண வேண்டும் என்பதற்கான தீர்ப்பு. இரண்டும் வெவ்வேறு என்பதை மாணவர்க்கு ஓதிக்கொடுத்த நாம், சட்டி பானை உடைந்த பிறகே கற்றுக்கொண்டோம்.

மடியில் விழுந்த துணி

மீண்டும் ஹராஸுக்கு வருவோம். அங்குள்ள உழவர் எவரும் தம் வயலின் மண்ணைத் தாமே உண்டாக்கியவர் அல்லர். பெயர் தெரியாத நூறு தலைமுறையினர் அடுக்கிய கல்லும், அவர்கள் தடுத்து நிறுத்திய வண்டலும் இன்றுள்ளவர் மடியில் வந்து விழுந்துள்ளன. அது அமானிதம். அதனைக் கேட்க வரும் உரியவர்கள் இருவர். ஒருவர் கீழ்ப்படியில் இருப்பவர். அவர் கேட்கலாம், சாட்சியும் வைக்கலாம். மற்றவர் இன்னும் பிறவாதவர், அவருக்கு வாயில்லை. அவர் சார்பில் கேட்பது எது? பிதுங்கி நிற்கும் கல்லே கேட்கிறது என்று நாம் எண்ணுகிறோம். அதனைக் கண்ட கண்ணுக்கு அறிவிப்பு வந்துவிட்டது.

ஆயின், கடல் கடந்து சென்றவர் அக்கல்லைக் காணவில்லையே! காணாதவர் மீது பொறுப்பைச் சுமத்துவது நீதியாகாது. இங்குதான் 'ஃபர்ளு கிஃபாயா' என்னும் கடமை நமக்கு வழிகாட்டுகிறது. ஊரில் ஒருவர் நிறைவேற்றினால் அனைவர் மீதுமுள்ள கடமை நீங்கும். ஒருவருமே நிறைவேற்றாவிட்டால், இயன்றும் விட்டவர் அனைவரும் குற்றவாளியாவர். ஜனாஸாவை அடக்கம் செய்வதில் இதனை நன்கு கடைப்பிடிக்கிறோம். ஊரை வாழவைக்கும் சுவர்களும் அத்தகையனவே. ஒருவர் செல்லலாம், இருவர் செல்லலாம். அவரவர் இடத்தில் ஒரு கை எஞ்சியிருக்கிறதா என்று கேட்பது செல்பவரின் கடமை மட்டுமன்று, ஊரின் கடமையுமாகும். ஹராஸில் தவறியது எவரோ ஒரு மனிதர் அல்லர். ஒவ்வொருவரும் தனித்தனியே நியாயமாகச் சென்றனர். எல்லாரும் சென்ற பின் எஞ்சிய வெறுமைக்குப் பொறுப்பேற்க ஒருவரும் இல்லாமற் போயிற்று. தனித்தனி நியாயங்கள் சேர்ந்து ஒரு பெரும் அநியாயமாக முடியக்கூடும் என்பதை அம்மலை காட்டுகிறது.

அவர்கள் அனுப்பிய பணத்தில் வீடுகள் உயர்ந்தன, ஊர்திகள் வந்தன, பாதைகள் அமைந்தன. அவற்றுள் எதுவும் தகாததன்று. அப்பணத்தில் ஒரு பங்கைக் கல்லடுக்கத் தெரிந்த ஒருவரை ஊரில் நிறுத்திவைப்பதற்கு ஒதுக்கியிருந்தால், எத்தனையோ படிகள் இன்றும் மண் சுமந்து நின்றிருக்கும். புதிதாகக் கட்டுவதில் நமக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு. பெயர் பொறிக்க இடமும் உண்டு. பழுது பார்ப்பதில் அது இல்லை. திருப்பி அடுக்கிய கல்லை எவரும் பார்த்து வியப்பதில்லை. அது விழாமலிருப்பதே அதன் புகழ். பிறர் காணச் செய்யும் ஈகைக்குப் பாறைமேல் மண்ணை உவமை கூறிய திருமறை, காணாமற் செய்யும் பணிக்கு மேட்டுத் தோட்டத்தைக் காட்டியதை இங்கு மீண்டும் நினைத்துக்கொள்கிறோம்.

அன்று எழுந்து கேட்ட மாணவருக்கு நாம் தர வேண்டிய விடை இதுதான்: தம்பி, அந்த மனிதர் எதையும் செய்யவில்லை என்றீர்கள். அவர் ஒவ்வொரு நாளும் அச்சுவரைக் கடந்து நடந்தார். அதன் சாய்வைக் கண்டார். நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு நாளும் முடிவு செய்தார். காணாதவருக்கும் இயலாதவருக்கும் மன்னிப்புண்டு. கண்டு, இயன்று, தள்ளிவைத்தவருக்கு அந்தத் தள்ளிவைப்பே செயல்.

இவ்வரிகள் அவர் கண்ணில் படுமா என்பதை நாம் அறியோம். அவர் எங்கிருந்தாலும் அவருடைய சுவர்கள் நேராக நிற்கட்டும். நம் கொல்லைச் சுவரை அம்மழைக்காலம் முடியுமுன்பே எழுப்பிவிட்டோம். இப்போது ஆண்டுக்கொருமுறை அப்பெண்மணியின் பக்கம் சென்று நின்று பார்க்கிறோம். சாய்வு அந்தப் பக்கத்திலிருந்துதான் தெரியும். நம் சுவர்களைக் கீழவரின் பக்கம் நின்று பார்க்கும் கண்ணை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக!